கட்டைப்பை மேல் காலைத் தூக்கும் நாயும், ஈரமாகும் துணி மூட்டையும்

சேலம் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து நீண்ட கடிதம் எழுதியிருக்கும் வாசகி, வீட்டுக் கூடத்திலேயே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். இடையிடையே உல்லன் நூலில் குரோஷே பொம்மைகளும் பின்னி விற்கிறார். வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள, ஆறு வயதான லாப்ரடார் கலப்புப் பெண் நாய். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கர்ப்பப்பையும் சினைப்பைகளும் நீக்கப்பட்டவள். மற்றொன்று தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த இரண்டு வயது ஆண் நாட்டு நாய், கருத்தடை செய்யப்படாதவன். சென்ற ஐப்பசியில் தொடங்கிய தொல்லை இன்றுவரை ஓயவில்லை. ஆரி ஸ்டாண்டின் மரக்கால்கள், வாடிக்கையாளர்கள் துணி கொண்டுவரும் கட்டைப்பைகள், தரையில் வைத்த நூல் டப்பாக்கள் என எல்லாவற்றிலும் சிறுநீர் படுகிறது. மூலையில் உள்ள வெட்டுத்துணி மூட்டை பல நாள் காலையில் தொப்பலாக நனைந்து கிடக்கிறது. உச்சமாக, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மணப்பெண்ணின் பட்டு பிளவுஸ் பிட் பாழாகி, வாசகி புதுத் துணி வாங்கிக் கொடுத்து இரவு பகலாக வேலையை மறுபடி செய்திருக்கிறார்.

கணவர் செய்தித்தாளைச் சுருட்டி ஆண் நாயை அடிக்கிறார். அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்க்கிறார். வாசகி மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்திருக்கிறார், நூல் கூடையைச் சுற்றி அந்துருண்டை வைத்திருக்கிறார், தினமும் இரண்டு வேளை பினாயில் ஊற்றித் துடைக்கிறார். மாமியார், நாயை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார். “நான் ஸ்டாண்டில் உட்கார்ந்தாலே அவனுக்குப் பொறாமை, பழிவாங்கத்தான் என் துணியாகப் பார்த்துச் செய்கிறான்” என்று எழுதும் வாசகி, “பெண் நாய்க்கு ஆபரேஷன் செய்தும் மூட்டையை நனைப்பது நிற்கவில்லையே, இவனுக்கும் செய்து என்ன பயன்?” என்றும், கறையை எதைக் கொண்டு போக்குவது, நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் பதிலுக்கு அடிப்படை. “அவள் இரவில் அந்த மூட்டை மேல்தான் படுப்பாள், எழுந்து போனபின் பார்த்தால் நடுவில் ஈரமாக இருக்கும், அவ்வளவாக நாற்றம்கூட இருக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே உங்கள் வீட்டில் நடப்பது ஒரு தொல்லையாக எனக்குப் படவில்லை. ஆண் நாய் செய்வது ஒன்று, பெண் நாய்க்கு நேர்வது வேறொன்று. இரண்டையும் ஒரே குற்றமாகக் கருதி ஒருவன் தலையில் போட்டதால்தான் ஐந்து மாதமாக எந்த வைத்தியமும் பலிக்கவில்லை.

முதலில் பெண் நாய்

விழித்திருக்கும்போது வெளியே சென்று ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும் நாய், தூங்கும்போது தன்னை அறியாமல் படுத்த இடத்தை நனைத்தால் அதை வளர்ப்புக் குறையாகப் பார்க்கக் கூடாது. சினைப்பைகள் நீக்கப்பட்ட பெண் நாய்களில், குறிப்பாக உடல் பெருத்த இனங்களில், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்க்குழாயின் மூடுதசை தளர்ந்து இப்படிக் கசிவது உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஆகவே, “ஆபரேஷன் செய்தும் நிற்கவில்லை” என்ற உங்கள் கணக்கைச் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும்: அவளுடைய கசிவு அந்த அறுவை சிகிச்சையின் பின்விளைவாகவே இருக்கக்கூடும். அதற்காக அன்று செய்தது தவறு என்று வருந்தவும் வேண்டாம். கர்ப்பப்பையில் சீழ் கோத்து உயிருக்குப் போராடும் நிலையில் எங்களிடம் வரும் பெண் நாய்களின் கதியிலிருந்து அது அவளைக் காத்திருக்கிறது. கசிவுக்கோ மருந்து உண்டு. பெரும்பாலான நாய்கள் அதற்கு நன்றாகவே கட்டுப்படுகின்றன.

ஆனால் மருந்து தொடங்கும் முன் வேறு காரணங்களை விலக்கியாக வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்றில் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பியின் மிகைச் சுரப்பு ஆகியவற்றில் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகக் கழிக்கும். இந்த அதிகத் தாகத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். காலையில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து பாருங்கள். இரண்டு நாய்களும் ஒரே பாத்திரத்தில் குடித்தால் கணக்கு கெட்டுவிடும், அந்த ஒரு நாள் மட்டும் பிரித்து வையுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் நாய்க்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டருக்கு மேல் போனால் அது நோயின் அறிகுறி. விடியற்காலை முதல் சிறுநீரைச் சுத்தமான குழிக்கரண்டியில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். கரண்டியை ஒரு குச்சியில் கட்டிப் பின்னாலிருந்து நீட்டினால் பெண் நாய்கள் அவ்வளவாக மிரள்வதில்லை. ஸ்கேன் தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

அதுவரை அந்த மூட்டையை அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். அவளுக்கு வேண்டியது மெத்தென்ற இடம், உங்களுக்கு வேண்டியது சுத்தமான துணி. ரெக்சின் உறை போட்ட படுக்கை ஒன்று இருவர் குறையையும் தீர்க்கும். எக்காரணம் கொண்டும் இரவில் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்துவிட்டால் அது ஆபத்தில் முடியும்.

அவன் பழிவாங்கவில்லை

ஆண் நாய் செய்வதுதான் நாம் பேச்சுவழக்கில் காலைத் தூக்குவது என்று சொல்லும் எல்லைக்குறி. அளவு கொஞ்சம், இடம் செங்குத்தானது, பொருள் பெரும்பாலும் புதியது. சிறுநீர்ப்பை நிறைந்து அவன் வருவதில்லை. இங்கே யார் வந்தார்கள், நான் யார் என்பதை மோப்பத்தால் படித்து, மோப்பத்தாலேயே பதில் எழுதிவிட்டுப் போகிறான். உங்கள் கூடத்தை அவன் உயரத்திலிருந்து பாருங்கள். தரையோடு நிற்கும் ஸ்டாண்டின் நான்கு கால்களும் அவனுக்கு நான்கு கம்பங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் கட்டைப்பையோ பேருந்து, கடைவீதி, இன்னொரு வீடு, அந்த வீட்டு நாய் அல்லது பூனை என்று ஒரு ஊரின் வாசனையையே சுமந்து வந்து தரையில் உட்கார்கிறது. நீங்கள் அதைத் துணி என்று பார்க்கிறீர்கள். அவனுக்கு அது முன்பின் தெரியாத ஒருவரின் வருகை. உங்கள் சொந்த துப்பட்டாவையோ தலையணையையோ அவன் தொட்டதாக நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். பொறாமையால் உங்களைப் பழிவாங்குபவன் அவற்றை விட்டுவைப்பானேன்?

ஐப்பசியில் தொடங்கியதற்கும் காரணம் இருக்கிறது. நம் தெருப் பெண் நாய்கள் மழைக்காலத்தையொட்டியே பெரும்பாலும் பருவத்துக்கு வருகின்றன; அந்த வாசனை காற்றில் வெகுதூரம் செல்லும். அதே சமயத்தில் புதிதாக ஒரு தெரு நாய் உங்கள் கேட்டருகே வந்து நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இளம் ஆண் நாய்க்கு இந்த இரண்டே போதும். அதோடு தீபாவளி, கல்யாண ஆர்டர்கள் வேறு சேர்ந்து வீட்டுக்குள் பைகள் குவிந்திருக்கின்றன.

“செய்துவிட்டு, திருட்டு முழி முழிக்கிறான்” என்கிறார் உங்கள் கணவர். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தக் குற்றவாளி முகம் வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே நீங்கள் காண்பது அச்சம். அதற்குக் குற்ற உணர்வு என்று பெயர் வைத்துவிட்டோம். அரை மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு இப்போது விழும் அடியை நாய் அந்த ஈரத்தோடு சேர்த்துப் பார்க்காது. அடிக்கிற கையோடுதான் சேர்த்துப் பார்க்கும். பிறகு உங்கள் கண்ணெதிரே செய்யாது, கட்டிலுக்குப் பின்னால் போய்ச் செய்யும். உங்கள் பீரோ சந்தில் புதிதாகக் கறை தோன்றியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். மூக்கைத் தேய்ப்பதை இன்றே நிறுத்திவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தின் மோப்பத்தை அவனுக்கு மேலும் பதிய வைப்பதைத் தவிர அது வேறெதையும் சாதிப்பதில்லை, ஒருநாள் கடியிலும் முடியும்.

அறுவை சிகிச்சை பற்றி

என் பரிந்துரை, செய்யலாம் என்பதே. ஆனால் மந்திரம் போட்டதுபோல நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வளர்ந்த ஆண் நாய்கள் 57-ஐ வைத்து 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், விரை நீக்கத்துக்குப் பின் வீட்டுக்குள் எல்லை குறிக்கும் பழக்கம் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. ஏறத்தாழ அடியோடு நின்றவை 25 முதல் 40 விழுக்காடு மட்டுமே. நாயின் வயதோ, பழக்கம் எத்தனை காலமாக இருக்கிறது என்பதோ அந்தப் பலனைப் பெரிதாக மாற்றவில்லை என்பது உங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி. இரத்தத்தில் ஹார்மோன் சில நாள்களிலேயே இறங்கிவிடும் என்றாலும் பழக்கம் தேய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் “இதுவும் வீண்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மயக்க மருந்தில் எப்போதும் சிறு அபாயம் உண்டு; முன்கூட்டிய இரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் நேரம்வரை வெறும் வயிறும் அதைக் குறைக்கும். தையல் ஆற பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை கழுத்தில் கூம்பு வளையம் இருக்கட்டும். பிறகு உடல் பருக்காமல் சோற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: அவன் சிறு சத்தத்துக்கும் நடுங்குபவனா, அந்நியரைக் கண்டால் ஒளிபவனா? எல்லை குறிப்பதற்கு வேர் அச்சம் என்றால் ஹார்மோனை எடுப்பதால் மட்டும் அது தீராது. முதலில் வீட்டில் அடி நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார்.

வேலை செய்யும் இடம்

அறுவை சிகிச்சையைவிட விரைவில் பலன் தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கூடத்தின் ஒரு பகுதியையாவது நாய்கள் நுழைய முடியாதபடி பிரித்துவிடுங்கள். குழந்தைகளுக்காக வாசலில் வைக்கும் தடுப்புக் கதவு போதும். தச்சரிடம் சொல்லி இடுப்புயர மரக்கதவு போட்டால் இன்னும் உறுதி. வாடிக்கையாளரின் பை வீட்டுக்குள் வந்த நொடியே தரையில் படாமல் சுவர் ஆணிக்கோ அலமாரிக்கோ போக வேண்டும். பிளவுஸ் பிட்டுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் பெயர் எழுதி வையுங்கள். ஸ்டாண்டின் மரக்கால்கள் ஐந்து மாதச் சிறுநீரை உறிஞ்சியிருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அவன் மூக்குக்கு அது பழைய முகவரிதான். கால்களை மட்டுமாவது இரும்புக் குழாயில் மாற்றிவிடுங்கள், முடிந்தால் மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். உங்கள் இடுப்புக்கும் நல்லது.

நீங்கள் வேலையில் உட்காரும் நேரத்தில் அவனை உங்கள் பார்வையிலேயே நீளக் கயிற்றில் வையுங்கள். ஒரு பொருளைச் சுற்றி மோந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பினால் அடுத்து கால் தூக்கப் போகிறான் என்று அர்த்தம். அந்தக் கணத்தில் கையைத் தட்டி அழைத்து வெளியே கூட்டிச் செல்லுங்கள். வெளியே கழித்த உடனே, ஓரிரு விநாடிக்குள், ஒரு துண்டு பிஸ்கட்டோ அவித்த கோழியோ அவன் வாயில் விழ வேண்டும். நாளுக்கு நான்கைந்து முறை வெளியே போகட்டும். அதில் ஒரு நடையாவது அவன் இஷ்டப்படி கம்பம் கம்பமாக மோந்து வருவதாக இருக்கட்டும். கேட்டின் தூணை வெளிப்புறம் கழுவி, அவன் தெரு நாயைப் பார்த்து நிற்கும் இடுக்கை ஒரு தகரத்தால் அடைத்துவிடுங்கள். ஆண் நாய்களுக்கான வயிற்றுப் பட்டையைச் சில வாரம் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று மணிக்கொரு முறை அவிழ்த்துப் பார்க்காவிட்டால் தோல் புண்ணாகும்.

கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது வேறொரு வரி. பெண் நாயின் மலத்தில் ஒருமுறை பட்டு நூல் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். நூல் குடலில் ஒரு முனை சிக்கி மறுமுனை ஓடினால், குடல் அதன் மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஊசி கோத்த நூல் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. சிறுநீர்க் கறையால் துணிதான் போகும், இதனால் உயிரே போகும். அந்த மூலைக்குக் கதவு போடச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

கறையும் நாற்றமும்

அந்துருண்டைகளை எடுத்து எறிந்துவிடுங்கள். நாப்தலீனை நாய் விழுங்கினால் வாந்தி, இரத்தச் சிவப்பணுச் சிதைவு, ஈரல் பாதிப்பு வரை போகும். மிளகாய்ப்பொடி கண்ணையும் மூக்கையும் எரிக்குமே தவிர ஒரு பழக்கத்தையும் மாற்றாது. பினாயில் மனித மூக்குக்கு நாற்றத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். அடியில் சிறுநீரின் வாசனை அப்படியே இருக்கும், மேலும் ஈரத்தரையில் நடந்த பாதத்தை நாய் நக்கினால் பினாயில் வயிற்றுக்குப் போகும். ப்ளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் கொட்டாதீர்கள். அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலைத் தாக்கும் வாயு உண்டாகும்.

தரைக்குச் சரியான வழி, ஈரத்தை முதலில் ஒற்றி எடுத்து, என்சைம் கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் துடைப்பது. பழைய கறை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கள்ள நோட்டு பார்க்கப் பயன்படும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். சிறுநீர் பட்ட இடம் மங்கலாக ஒளிரும். சோப்பில் உள்ள வெண்மையூட்டிகளும் ஒளிரும் என்பதால் துவைத்த துணியில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

பருத்தி, பாலியெஸ்டர், அக்ரிலிக் நூல் எல்லாவற்றையும் அதே கரைசலில் ஊறவைத்துத் துவைக்கலாம். பட்டையும் உண்மையான கம்பளியையும் மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் புரத இழைகள். கறையிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் அதே என்சைம் இழையையும் அரித்துவிடும். பட்டு நனைந்தால் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி, குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்தி, என்ன பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி டிரைகிளீனிங் கொடுங்கள். கருத்துவிட்ட ஜரியும் பசை விட்ட குந்தன் கல்லும் பழையபடி ஆகாது. அவற்றைப் பிரித்து எடுத்துவிட வேண்டியதுதான். நனைந்த துணியைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் ஊசி குத்திய காயம் இருந்தால் கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு நாய்களின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.

கொடுத்துவிடுவதா?

உங்கள் மாமியாரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. கூடம் அவருக்கும் கூடம்தானே. ஆனால் ஊருக்கு வெளியே விட்டுவருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பதால் அந்தச் சட்டத்துக்கு யாரும் பயப்படுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டத்தை விடுங்கள்: வீட்டுச் சோற்றில் வளர்ந்தவனை வேறு தெருவில் இறக்கிவிட்டால் அந்தத் தெருவின் நாய்கள் முதல் நாளே அவனைக் குதறிவிடும், பிழைத்தால் தடுப்பூசி தவறிப்போய் நாளை யாரையாவது கடிப்பான்.

நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது வேறு. உங்கள் பிழைப்பே இந்தக் கூடத்தில்தான் நடக்கிறது என்னும்போது, அப்படி யோசிப்பதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை. ஆனால் கதவு போட்டு, ஸ்டாண்டின் கால்களை மாற்றி, அறுவை சிகிச்சை முடிந்து குறைந்தது மூன்று மாதம் கழியட்டும். அந்த மூன்று மாதமும் எந்தத் தேதியில் எந்த இடத்தில் ஈரம், யார் வந்து போன நாள் என்று உங்கள் ஆர்டர் நோட்டிலேயே ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள். குறைகிறதா இல்லையா என்பதில் வீட்டில் வாக்குவாதம் வராது, மருத்துவருக்கும் உதவும். அதன் பிறகும் தாளவில்லை என்றால், தோட்டமோ களமோ உள்ள, கைத்தொழில் சாமான் இல்லாத வீடாகப் பாருங்கள். அவனுடைய இந்தப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, தடுப்பூசி அட்டையோடு ஒப்படையுங்கள். பெண் நாயை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம். அவளை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் இருவரில் யாராவது முக்கி முக்கி நின்றும் சிறுநீர் வராமல் தவித்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, வாரம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள்.